பியூஸ் பெட்டிக்குள் செப்புத் தகடு

துஷானியின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பிளக் பொயின்ற் சுடத் தொடங்கியது சித்திரை மாதத்தில். தெய்வநாயகி அதை வீட்டுக்காரர் சிவபாதத்திடம் சொன்னதும் அதே சித்திரையில்தான். பிறகு ஆனியில் சொன்னாள். ஆவணியில் சொன்னாள். ஐப்பசியில் கெஞ்சினாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு வந்து தையும் பிறந்துவிட்டது, வழிதான் பிறக்கவில்லை.

சுடுகிறது என்றால் கை பொசுங்குகிற சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்கலாம். சுவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? வீட்டுக்காரரிடம். வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

"பழைய வீடெண்டா அப்பிடித்தான் தங்கச்சி. உமக்கு எல்லாத்துக்கும் பயம்."

கட்டிலைத் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கே தள்ளுவது? கனடாவில், மல்வேர்னில் அந்த வரிசை வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, அவர்களுக்கு இருந்தது ஒன்றரை அறை. அரை அறையில் துஷானியின் கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். இழுத்துப் பார்த்ததில் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி கிடைத்தது. பொயின்றில் ஒன்றும் செருகாமல் விட்டுப் பார்த்தாள். சும்மா இருந்தும் அது சுட்டது. வேறு வீடு பார்ப்போம் என்றால், கணவன் மாமாங்கம் ஒஷாவாவில் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலைக்கு ஏஜென்சி வாகனத்தில் போய்வருகிறவன், இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் நடை தூரத்தில். பனி கொட்டும் மாரியில் யார் வீடு மாறுவார்கள்?

மேல் வீட்டில் சிவபாதம், அவர் மனைவி இராஜேஸ்வரி, மகள் சுபாங்கி. யாழ்ப்பாணத்து ஆட்கள். இருவரும் இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு. பொல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தெய்வநாயகி குடும்பம் வந்த முதல் மாரியில் இராஜேஸ்வரிதான் பிள்ளைக்கு பூட்ஸ் கொடுத்தாள். சுபாங்கியும் துஷானியும் ஒரே வகுப்பு, ஒரே பாயில் படுத்தெழும் பிள்ளைகள் போலத் திரிந்தார்கள். ஆனால் தெய்வநாயகி மட்டக்களப்பு. மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உண்டு. அங்கே உத்தியோகம் பார்க்கப் போன மாப்பிள்ளைகள் அங்கேயே கல்யாணம் செய்து ஊர் திரும்பாமல் விட்டதற்கு, அவர்களின் தாய்மார் கண்டுபிடித்த காரணம் அது. தங்கள் பிள்ளைக்கு அந்த ஊரும் பெண்ணும் பிடித்துப்போயிற்று என்று எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்? மந்திரம் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். அந்தக் கதை கப்பலேறி, பிளேன் ஏறி, அகதி விண்ணப்பம் நிரப்பி, கனடாவுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு மட்டும் யாரும் விசா கேட்கவில்லை.

ஐப்பசியில் கருவாடு மணக்கத் தொடங்கியது.

மாலை வேளையில், மேலே அடுப்பும் கீழே ஹீற்றரும் ஒன்றாக ஓடும்போது, வீடெல்லாம் மெல்லியதாக ஒரு கருவாட்டு மணம். ஒரு வெள்ளிக்கிழமை இராஜேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"தெய்வநாயகி, வெள்ளிக்கிழமையிலை கருவாடு பொரிக்கிறீரோ? நாங்கள் விரதமெண்டு தெரியாதோ உமக்கு?"

"நான் பொரிக்கல்ல அக்கா. பருப்புத்தான் வெச்சிரிக்கன். வந்து பாருங்க."

தெய்வநாயகி மூடியைத் திறந்து காட்டினாள். சட்டியில் பருப்பு. குளிர்ப்பெட்டியையும் திறந்து காட்டினாள், கத்தரிக்காயும் தயிரும். இராஜேஸ்வரி எல்லாவற்றையும் பார்த்தாள், முகம் தெளியவில்லை. கருவாடு இருந்து மணத்திருந்தால் அவளுக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். இல்லாத கருவாடு மணந்ததால் பயம் வந்தது.

வயர் உள்ளுக்குள் வேகும்போது அதன் பிளாஸ்ரிக் அப்படித்தான் மீன் மாதிரி மணக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சிவபாதத்துக்குத் தெரிந்ததெல்லாம் பியூஸ் அடிக்கடி போகிறது என்பது. அவர் கடைக்குப் போய், பதினைந்து அம்பியர் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் முப்பது அம்பியர் பியூஸைத் திருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "இனிப் போகாது பாரும்." உண்மைதான், அதன் பிறகு பியூஸ் போகவில்லை. நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டால் வீட்டில் அமைதியாகத்தான் இருக்கும்.

அதோடு லைற்றுகள் கண் சிமிட்டத் தொடங்கின. இராஜேஸ்வரி கவனித்துப் பார்த்தாள். தெய்வநாயகி வீட்டில் நின்று சமைக்கிற நாளில் மேல் வீட்டு லைற் மஞ்சளித்து மங்குகிறது. அவள் தான் வேலை செய்யும் பேக்கரியில் பிந்தி நிற்கிற நாளில் மங்குவதில்லை. கீழ் அடுப்பு போட்டால் மின்சாரம் இழுக்கும், அடுப்பு போடாவிட்டால் இழுக்காது என்று நினைக்க அரை நிமிடம் போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இராஜேஸ்வரி நினைத்தது வேறு. அவளுக்கு அந்த ஆண்டு இரண்டு தரம் இடுப்புப் பிடித்தது, சிவபாதத்துக்கு வேலையில் மணித்தியாலம் குறைந்தது, சுபாங்கிக்குக் கணக்கில் புள்ளி விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டின.

மார்கழியில் அவள் யாருடைய காரிலோ மிசிசாகாவுக்குப் போய்வந்தாள். அங்கே ஒரு பூசாரி இருந்தாராம். தெய்வநாயகிக்கு இது அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்து உடுப்புத் தோய்க்க மெஷினடிக்குப் போனாள். அது இரு வீட்டாருக்கும் பொதுவான மூலை, பியூஸ் பெட்டியும் அங்கேதான். பெட்டியின் கதவு சரியாகச் சாத்தாமல் நின்றது. திறந்தாள். பியூஸ் வரிசைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ளங்கையளவு செப்புத் தகடு ஒன்று செருகியிருந்தது. கட்டம் கீறி, கட்டத்துக்குள் எழுத்து எழுதி, மஞ்சள் நூல் சுற்றி, மேலே குங்குமம் அப்பி.

அது என்ன, யாருக்கு எதிராக வைத்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. காது மடல் வரை சுட்டது. தன் பிள்ளைக்கு பூட்ஸ் கொடுத்த கை இதையும் வைத்திருக்கிறது. பிடுங்கி எறியக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. எடுத்தால் என்ன சொல்வார்கள்? தகடு சுட்டது, அதுதான் எடுத்துவிட்டாள் என்பார்கள். செய்தவளுக்குத்தான் அது தெரியும் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்தினாள். மின்சாரப் பெட்டிக்குள் செப்பு கிடக்கிறது என்பது அந்த நேரம் அவளுக்கு உறைக்கவில்லை. அவமானம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அது அவள் செய்த பிழை, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

மாசி முதல் வாரத்தில் ஒரு மாலை, துஷானி கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுவேலை செய்துகொண்டிருந்தபோது, சுவரில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு பொரிகிற சத்தம். தெய்வநாயகி ஓடிவந்து பார்க்க, பொயின்றின் வெள்ளை மூடி நடுவில் கறுத்து, ஓரத்தால் நூல் போலப் புகை வந்தது. நாலு விரல் இடைவெளியில் விழுந்திருந்த கம்பளியின் நுனி பழுப்பாகியிருந்தது. பிள்ளையை ஒரே இழுவையில் தூக்கிக்கொண்டு படியேறினாள். சிவபாதம் இறங்கி வந்து, மூடியைத் தட்டிப் பார்த்து, கறுப்பு நாடா ஒட்டினார்.

"உதைப் பாவியாதையுங்கோ. அவ்வளவுதான்."

"பாவிக்கல்ல அண்ணன். எட்டு மாசமாப் பாவிக்கல்ல. பாவிக்காமலே எரியிது."

"வெதர் மாறட்டும். ஆளைக் கூப்பிட்டுப் பாப்பம்."

அன்று இரவு துஷானி தாயோடு படுத்தாள். தெய்வநாயகி கண் மூடவில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே பிள்ளை. முதல் பிள்ளையை ஊரில் ஷெல் வீச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். இதைச் சுவருக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் பேக்கரியில் பாண் பொதி கட்டும்போது அன்ரனெற்றிடம் சொன்னாள். அன்ரனெற் மன்னார்ப் பெண், எட்டு வருடம் கனடாவில் இருந்தவள். "கரண்ட் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு. வாடகைக்கு இருக்கிற ஆக்களும் கூப்பிடலாம், வீட்டுக்காரனிட்டக் கேக்கத் தேவையில்லை" என்று சொல்லி, இடைவேளையில் போன் புத்தகத்தைப் புரட்டி நம்பர் எழுதித் தந்தாள்.

மாமாங்கம் பயந்தான். "கூப்பிட்டா நம்மளத்தான் எழுப்புவாங்க. பொறு புள்ள, வெயில் வரட்டும்."

"வெயில் வாறத்துக்குள்ள நெருப்பு வந்தா?"

பாவம், அவனிடம் இருந்ததெல்லாம் பொறுமை ஒன்றுதான், அதை எல்லா இடத்திலும் செலவழித்தான். தெய்வநாயகி நம்பரை இங்கிலீஷ் தெரிந்த துஷானியிடம் கொடுத்துப் பேசச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தார். நரைத்த மீசை, பெரிய ரோச் லைற், சப்பாத்துக்கு மேல் நீல உறை. சிவபாதம் முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் பின்னால் இராஜேஸ்வரி. இன்ஸ்பெக்டர் கறுத்த பொயின்றைக் கழற்றினார். உள்ளே கம்பியின் உறை பொசுங்கி, கரித்துண்டாக உதிர்ந்தது. அவர் நெடுநேரம் பேசினார். சிவபாதம் அதைத் தமிழாக்கினார்.

"பெரிசா ஒண்டுமில்லையாம். கொஞ்சம் லூசாம். இறுக்கினாச் சரியாம்."

"இல்ல அம்மா," என்றாள் துஷானி. "அங்கிள் பிழையாச் சொல்றார். இது அலுமினியம் வயராம், பொருத்திற இடத்தில சூடேறுமாம். வீடு முழுக்க அதுதானாம். ஹீற்றருக்குப் போற கரண்ட் இதுக்குள்ளாலதான் போகுதாம், அதான் சும்மா இருந்தும் சுடுதாம். இங்க படுக்கவே கூடாதாம். ஹி செட் வீ ஆர் லக்கி."

சிவபாதம் அந்தப் பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்ஸ்பெக்டர் அடுத்து மெஷினடிக்குப் போனார். தெய்வநாயகிக்கு அப்போதுதான் தகட்டின் நினைவு வந்தது. திரும்பி இராஜேஸ்வரியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

பெட்டிக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் ரோச் லைற்றை உள்ளே பிடித்தார். ரப்பர்க் கையுறை போட்டு, நூலைப் பிடித்து, தகட்டை வெளியே தூக்கினார். எலியை வாலில் பிடிக்கிற மாதிரித் தூரப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

அவர் சொன்னதைத் துஷானிதான் மெல்லச் சொன்னாள். "பியூஸ் மாத்தக் கை வெச்ச ஆள் செத்திருக்குமாம். ஆர் வெச்சதெண்டு கேக்கிறார்."

சிவபாதத்துக்கு உண்மையிலேயே தெரியாது. மனைவி மிசிசாகாவுக்குப் போனது சேலை வாங்க என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர். தகட்டை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் விரிந்தது. தகட்டிலிருந்து நேரே தெய்வநாயகியின் முகத்துக்கு வந்தது.

"ஓ... உதுதானோ விசயம்? எங்கட வீட்டிலை இருந்துகொண்டு எங்களுக்கே செய்வினை செய்யிறீரோ?"

"நான் வைக்கல்ல அண்ணன். எனக்கு இது தெரியா."

"பின்னை ஆர், நானோ வைச்சனான்? என்ர மனுசியோ?"

தெய்வநாயகி இராஜேஸ்வரியைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். அக்கா, ஒரு சொல் சொல்லுங்கள், பிறகு நான் ஆருக்கும் மூச்சு விடமாட்டேன் என்று கண்ணால் கேட்டாள். இராஜேஸ்வரி சுவரைப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, "மட்டக்களப்பு ஆக்களை வைச்சிருக்க வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றாள்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. அவர் தகட்டை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கடதாசி எழுதினார். முப்பது அம்பியர் பியூஸெல்லாம் பிழை, எல்லா இணைப்பும் திறந்து திருத்தவேண்டும், பெட்டி மாற்றவேண்டும், லைசென்ஸ் உள்ளவர்தான் செய்யவேண்டும், ஒரு மாதத்தில் திரும்பி வருவேன். கடதாசியைச் சிவபாதத்திடம் கொடுத்துப் போய்விட்டார்.

அவர் கார் தெருவைத் தாண்டவில்லை, சிவபாதம் சொன்னார்: "இந்த மாசக் கடைசியோடை எழும்பிப்போடுங்கோ. கீழை ஆக்கள் இல்லாட்டி எனக்கு வயரும் தேவையில்லை, ஒரு மண்ணும் தேவையில்லை."

மேலே அவர் மகள் தலைமாட்டில் ஓடுவதும் அதே வயர்தான் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. மாசிக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. மாமாங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "நான் சொன்னன்தானே" என்று அவன் சொல்லவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். தெய்வநாயகி மூன்று நாள் வீடு தேடினாள். மல்வேர்னில் தமிழர் வாடகைக்கு விடும் பேஸ்மென்று நாலு இடத்தில் கேட்டாள். முதல் இரண்டு இடத்தில் ஆள் வந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது இடத்தில் கதவைத் திறந்த பெண் பெயரைக் கேட்டதும், "நீங்கள் சிவபாதத்தார் வீட்டிலை இருந்த ஆக்களோ?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். நாலாவது இடத்தில் போனையே வைத்துவிட்டார்கள். கதை அவளை முந்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை சிவபாதம் வேலைக்குப் போன பிறகு அவள் படியேறிப் போனாள். சண்டை பிடிக்கப் போகவில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் போனாள்.

இராஜேஸ்வரி கதவைச் சங்கிலி போட்டுத் திறந்தாள்.

"அக்கா, அண்ணனுக்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. நீங்க வெச்சத்த நான் எப்பவோ கண்டன். கண்டும் ஒரு கதை பேசல்ல. எனக்கு நீங்க மன்னிப்பும் கேக்க வேணாம். எங்கள இருக்க மட்டும் விடுங்க. வயரை மாத்துங்க."

"நான் என்னெண்டு சொல்லுறது? அவர் என்னைக் கொன்றுபோடுவார். எவ்வளவு காசு குடுத்தனான் எண்டு தெரிஞ்சால்..." இராஜேஸ்வரியின் குரல் தாழ்ந்தது. "நீர் ஒண்டும் செய்யேல்லையெண்டா ஏன் இப்பிடியெல்லாம் நடக்குது? எங்களுக்கு நிம்மதியில்லை தெய்வநாயகி. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், எங்களை விட்டுவிடும்."

சங்கிலிக்குப் பின்னால் அவள் கை தாலிக்கொடியை இறுகப் பிடித்திருந்தது. தெய்வநாயகி அதைப் பார்த்தாள். பத்து மாதம் தெய்வநாயகி நெருப்புக்குப் பயந்தாள், யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடதாசி எழுதினார், அதற்கும் அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை. நெருப்புக்குப் பயமில்லை, சட்டத்துக்குப் பயமில்லை. பயமெல்லாம் தன்னிடம்தான் என்று அந்தக் கையைப் பார்த்தபோது அவளுக்கு விளங்கியது. அவள் அதுவரை பேசியிராத ஒரு குரலில் பேசினாள்.

"சரி அக்கா. நான்தான் செஞ்சன் எண்டே இருக்கட்டும். அப்ப ஒண்டு சொல்றன், கவனமாக் கேளுங்க. அது இப்ப வயருக்குள்ள இறங்கிற்று. தகட்டை எடுத்தாப் போகாது. நாங்க வெளிக்கிட்டாலும் போகாது, அது உங்களோடதான் நிக்கும். பழைய பெட்டி வீட்டை விட்டுப் போகணும். ஒவ்வொரு பொயின்றா, ஒவ்வொரு சுவிச்சாத் திறந்து திருத்தணும்."

"ஆர்... ஆர் திறக்கிறது?"

"லைசென்ஸ் உள்ள ஆள். வேற ஆள் கை வெச்சா இன்னும் கூடும். முடிய இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். அமாவாசைக்கு முதல்."

உலகத்திலேயே மின்சார லைசென்ஸ் கேட்ட முதல் பேய் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் இராஜேஸ்வரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டி, உதட்டால் சொல்லிப் பாடமாக்கினாள். தெய்வநாயகிக்கு ஒரு மந்திரமும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரார்த்தனையைக்கூடப் பாதியில் மறந்துபோனவள். திரும்பியபோது படியின் நடுவில் துஷானி நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையையும் இறக்காமல், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சும்மா சொன்னன் மனே," என்றாள் தெய்வநாயகி. "வயரை மாத்த வைக்கத்தான்."

துஷானி தலையை ஆட்டினாள்.

இராஜேஸ்வரி கணவனிடம் என்ன சொன்னாளோ தெரியாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சண்முகலிங்கம் என்ற எலெக்ரீசியன் வாகனத்தில் வந்து இறங்கினார், லைசென்ஸ் பையில். நாலு நாள் வேலை. வீட்டில் இருந்த ஒவ்வொரு பொயின்றும் ஒவ்வொரு சுவிச்சும் திறக்கப்பட்டது, ஒவ்வொரு நுனியிலும் செப்புக் கம்பி சேர்த்து முறுக்கப்பட்டது, பழைய பெட்டி பெயர்ந்து புதுப்பெட்டி வந்தது. மேல் வீட்டில் சுபாங்கியின் கட்டில் தலைமாட்டிலும் ஒரு பொயின்ற் கறுத்திருந்ததாம். அதைக் காட்டியபோது சிவபாதம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று சண்முகலிங்கம் கீழே வந்து சொன்னார். இன்ஸ்பெக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. எழும்பு என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

தெய்வநாயகி அன்று இரவு சுவரில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பிள்ளையின் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டாள். உட்கார்ந்து அழுதாள், அது ஆறுதல் அழுகை.

பிறகுதான் அவள் சொன்ன பொய் கூலி கேட்டு வந்தது.

மேல் வீட்டில் கருவாடு மணக்கவில்லை, லைற் மங்கவில்லை. அலுமினியம் திருந்தியதால் அல்ல, தெய்வநாயகி தன் மந்திரக் கட்டை அவிழ்த்ததால். அப்படித்தான் மல்வேர்ன் முழுவதும் பேச்சு. தமிழ்க் கடையில் அவள் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் விலகி இடம் விட்டார்கள். கோயிலில் அவள் பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை புனிதவதி என்ற பெண், முன்பின் தெரியாதவள், மந்திரிக்கிற தேசிக்காய் ஏழும் கணவனின் படம் ஒன்றும் கொண்டுவந்து கதவைத் தட்டினாள். "அக்கா, இவர் மொன்றியலிலை ஒருத்தியோடை... நீங்கள்தான் ஏதும் செய்யவேணும்." தெய்வநாயகி அவளைத் திட்டித் துரத்தினாள். துரத்தியது வல்லமை உள்ளவள் என்பதற்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது. பேக்கரியில் அன்ரனெற்கூட ஒருநாள், சிரித்தபடிதான், "எனக்கும் ஒண்டும் செய்துபோடாதை என்ன" என்றாள். சிரித்தாள், ஆனால் தன் தேநீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எழும்பினாள்.

மெஷினடியில் இராஜேஸ்வரி இப்போது தன் உடுப்பு காயும்வரை நின்று காத்திருந்து எண்ணி எடுத்துக்கொண்டு போனாள். நிலத்தில் விழுந்த தலைமயிரையும் பொறுக்கினாள். மயிரோ நகமோ அகப்பட்டால் போதும், அதை வைத்து ஆளையே வீழ்த்திவிடலாம் என்பது ஊரில் சொல்லும் கதை. சுபாங்கி கீழே வருவது நின்றுபோனது. பள்ளிக்கூடத்திலும் வேறு மேசைக்கு மாறிவிட்டாளாம். துஷானி அதை ஒரு தரம் சொன்னாள், இரண்டாம் தரம் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த, தெய்வநாயகி மகளை முன்னால் இருத்தித் தலை இழுத்தாள். நல்ல அடர்ந்த மயிர் அந்தப் பிள்ளைக்கு. இரண்டு பின்னல் பின்னி முடித்து, சீப்பில் சிக்கிய மயிரை எடுத்து, எல்லாத் தாய்மாரும் செய்கிறதுபோல விரலில் சுற்றி உருண்டையாக்கினாள்.

துஷானி திரும்பிக் கையை நீட்டினாள்.

"அதைத் தாங்கம்மா."

"என்னத்துக்கு மனே? நான் போடுறன் குப்பையில."

"இல்ல. அது என்ர."

பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்தாள், அவை மூடிவிடுமோ என்று. தெய்வநாயகி கையை விரித்தாள். துஷானி உருண்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினாள். கழிவறைத் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது. ஒரு தரம் போதாதென்று இரண்டாம் தரமும் இழுத்துவிட்டாள்.